காப்பியடிக்கக் காது வேண்டும்

2010இல் ஸ்டாக்ஹோமின் கே.டி.ஹெச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆடம் சாபோ என்ற மாணவர் ஒரு பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். 1996இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த ஜே.பி.-8000 என்ற சிந்தசைசரில் ‘சூப்பர் சா’ என்று ஒரு ஒலி உண்டு. அந்த ஒரே ஒலியைக் கணினியில் அச்சு அசலாகத் திரும்ப உருவாக்குவது எப்படி? ஆய்வேடு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

பெயர் தெரியாதவர்களும் அந்த ஒலியைக் கேட்டிருப்பார்கள். நடன இசையில் தாளம் சட்டென்று நின்று, பதற்றம் ஏறிக்கொண்டே போய், மறுபடி தாளம் விழுகிற நொடியில் பெரிதாக, அகலமாக, மினுமினுத்துக்கொண்டு ஓர் ஒலிச்சுவர் வந்து நிற்குமே, அதுதான். 2000ஐ ஒட்டிய ஐரோப்பிய டிரான்ஸ் இசை பெரும்பாலும் அதன் மேல் எழுந்தது. பிறகு வந்த இ.டி.எம். (மின்னணு நடன இசை) அலையும் அதை விடவில்லை.

அடிப்படை எளிது. ரம்பப் பல் போல ஏறி இறங்கும் மின் அலைக்கு ‘சா’ என்று பெயர். அப்படி ஏழு அலைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றின் சுருதியையும் கொஞ்சம் கொஞ்சம் விலக்கி வைத்தால் சூப்பர் சா. பத்துப் பேர் சேர்ந்து பாடும் பஜனையில் யாருடைய சுருதியும் பக்கத்து ஆளுடையதோடு முழுசாக ஒட்டாது. அந்த ஒட்டாமையால்தான் கூடம் நிறைகிறது. கருவியின் முகப்பிலும் இந்த ஒலிக்கென்று இரண்டே கட்டுப்பாடுகள்: எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கு ஒன்று, ஓர அலைகள் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. இதைப் போய் ஆய்வேடாக எழுத என்ன இருக்கிறது?

நிறைய இருந்தது. ஏழு அலைகளும் சம இடைவெளியில் விலகவில்லை. விலகலை உச்சத்தில் வைத்தால் கடைசி அலை கீழே சுமார் 11 சதவீதமும், மேலே 10.7 சதவீதமும் தள்ளிப் போகிறது. உள்ளே இருப்பவை சுமார் 6, 2 சதவீதம். 440 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தை அழுத்தினால் கீழ்க்கோடி 392ஐயும், மேற்கோடி 487ஐயும் ஒட்டி ஒலிக்கும். கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம்: ஷட்ஜத்தைப் பிடித்தால் கீழே ஏறக்குறைய கைசிகி நிஷாதம், மேலே சதுஸ்ருதி ரிஷபத்தின் வாசல், இரண்டும் கூடவே கேட்கின்றன. நல்லவேளையாக யாரும் அதை உச்சத்தில் வைப்பதில்லை. வைக்கவும் தோன்றாது; ஏனென்றால் அந்தக் கட்டுப்பாடு நேர்கோட்டில் வேலை செய்யவில்லை என்பது சாபோவின் அடுத்த கண்டுபிடிப்பு. பாதி வழி தாண்டும் வரை விலகல் மெதுவாக ஊர்கிறது. கடைசியில்தான் கிடுகிடுவென ஏறுகிறது. அந்த வளைவைக் கணக்கில் பிடிக்க அவருக்குப் பதினோராம் படிச் சமன்பாடு தேவைப்பட்டது.

இன்னும் இரண்டு விஷயங்கள் முகப்பில் இல்லவே இல்லை. ஒன்று, ஏழு அலைகளும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. ஒவ்வொரு முறை கட்டையை அழுத்தும்போதும் ஆளுக்கொரு இடத்தில் இருந்து புறப்படுகின்றன. அதனால் எந்த இரண்டு அழுத்தலும் ஒன்று போல இருக்காது. மற்றது இன்னும் வேடிக்கை. அன்றைய டிஜிட்டல் கருவிகளுக்கு ரம்ப அலையைச் சுத்தமாக உருவாக்கத் தெம்பில்லை. பக்கத்தில் தேவையில்லாத இரைச்சல் கிளம்பும், ‘அலையசிங்’ என்பார்கள். ரோலண்ட் பொறியாளர்கள் அந்த இரைச்சலை முழுக்க அடக்கவில்லை. அழுத்திய சுரத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் ஒரு ஃபில்டரால் வெட்டிவிட்டு, மேலே இருப்பதை விட்டுவிட்டார்கள். மேலே மிஞ்சிய அழுக்குதான் ரசிகர்கள் ‘காற்றோட்டம்’ என்று கொண்டாடிய மினுமினுப்பு. பிற்காலத்தில் சுத்தமான கணக்கோடு இதைச் செய்தவர்களுக்கு ஒலி சரியாக வந்தது, ஆனால் அந்த மினுமினுப்பு வரவில்லை.

நடன இசையின் புகழ்பெற்ற ஒலிகளைத் திரும்பச் செய்ய முயல்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து முட்டுகிற இடம் இது. கருவி எதைச் சரியாகச் செய்தது என்பதைப் பிடிப்பது சுலபம். எதில் சறுக்கியது என்பதைப் பிடிக்கத்தான் காது வேண்டும்.

நம் ஊர் மெல்லிசைக் கச்சேரி கீபோர்டு வாசிப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சினிமாப் பாட்டின் முன்னிசையில் வரும் டோனைத் தங்களிடம் இருக்கும் கருவியில் எப்படியாவது வரவழைத்து, பாட்டு வரிசைப்படி சேமித்து வைத்துக்கொண்டு மேடையேறும் வித்தை அவர்களுக்குப் பழகியது. “டோன் வரலைண்ணா” என்ற ஒரு வார்த்தையில் ஒரு ஒத்திகை நாள் முழுக்கப் போய்விடும்.

நகலாகத் தோற்ற பெட்டி

இந்த உலகில் மிக அதிகம் காப்பியடிக்கப்பட்ட கருவி, என் கணிப்பில், ரோலண்ட் டி.பி.-303. அதுவே ஒரு காப்பிதான் என்பது கதையின் அழகு. 1981இல் ததாவோ கிகுமோட்டோ வடிவமைத்த இந்தச் சாம்பல் நிறப் பெட்டி, பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காத கிட்டார்காரர்களுக்காக உருவானது. ‘டிரான்சிஸ்டர் பேஸ்’ என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். வாங்கியவர்கள் கேட்டுப் பார்த்தார்கள்: பேஸ் கிட்டார் போல ஒரு சதவீதம்கூட இல்லை. சுரங்களைத் தனியாகவும் அவற்றின் காலத்தைத் தனியாகவும் பதிய வேண்டிய முறையோ தலைவேதனை. 1984இல் உற்பத்தியை நிறுத்தும்போது சுமார் 10,000 பெட்டிகள் செய்திருந்தார்கள். மிச்சம் பழைய பொருள் கடைகளுக்குப் போனது.

அங்கிருந்து ஒன்று சிகாகோவின் ஃப்யூச்சர் குழுவிடம் வந்து சேர்ந்தது: டி.ஜே. பியர், ஸ்பான்கி, ஹெர்ப் ஜே. பேஸ் வாசிக்க வைக்கும் முயற்சியை விட்டுவிட்டு, பெட்டி ஒரே சுரக்கோவையைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும்போது குமிழ்களைத் திருகினார்கள். அது கீச்சிட்டது, குமுறியது, நெளிந்தது. 1987இல் டிராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ அப்படிப் பிறந்தது. மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரான் ஹார்டி முதலில் போட்டபோது ஆடுகளம் காலியானது, அதே இரவில் நான்காவது முறை போட்டபோது கூட்டம் வெறிகொண்டு ஆடியது என்று ஒரு கதை சொல்கிறார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற ஒரு வகை இசையே அந்த ஒலியின் மேல் எழுந்தது.

இங்கே ஓர் இந்தியக் கிளைக்கதை. 1982இல், சிகாகோவுக்கு ஐந்தாண்டு முன்பே, மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் டி.பி.-303, டி.ஆர்.-808 தாளக் கருவி, ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் இணைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். மால்கௌன்ஸ் (நம் ஹிந்தோளம்), பூபாளி (நம் மோகனம்) எல்லாம் அதில் உண்டு. அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோது கேட்டவர்கள் அசந்துபோனார்கள். இது ஆசிட் ஹவுஸ் அல்லவா! ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று சிலர் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. சிகாகோக்காரர்கள் அந்தத் தட்டைக் கேட்டார்கள் என்பதற்குத் தடயம் இல்லை. இந்தப் பெட்டியிடம் இயல்பாகவே ஒரு வழுக்கல் இருக்கிறது. ராகம் வாசிக்கிறவருக்கும், குமிழ் திருகுகிறவருக்கும் அது தனித்தனியே அகப்பட்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்த வழுக்கலில்தான் 303ஐக் காப்பியடிப்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அலையை உருவாக்கும் ஆசிலேட்டர் ஒன்றே ஒன்று. ரம்ப அலை அல்லது சதுர அலை. ஒரு ஃபில்டர். எந்த இலவச மென்பொருளிலும் அரை நிமிடத்தில் இதை அமைத்துவிடலாம். அமைத்துக் கேட்டால் ஏதோ ஒரு கீபோர்டு பேஸ் போல இருக்குமே தவிர, 303 போல இருக்காது. காரணம், ஒலியின் பாதி அதன் சுரவரிசைப் பதிவியில் இருக்கிறது. எந்தச் சுரத்துக்கு ‘ஸ்லைடு’ குறித்தோமோ அங்கே அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகும். அரைச்சுரம் தாண்டினாலும் ஒரு ஸ்தாயி தாண்டினாலும் வழுக்க எடுக்கும் நேரம் ஒன்றே, சுமார் 60 மில்லிநொடி. அதனால் சிறிய தாவல் சோம்பலாகவும் பெரிய தாவல் வெறித்தனமாகவும் கேட்கிறது. ‘ஆக்சன்ட்’ குறித்த சுரத்தில் சத்தம் கூடுவதோடு ஃபில்டரும் திறக்கும், ஒலி அடங்கும் வேகமும் கூடும். அடுத்தடுத்து இரண்டு மூன்று ஆக்சன்ட் வந்தால், உள்ளே இருக்கும் கெபாசிட்டர் முழுக்க வடிவதற்குள் அடுத்த மின்னூட்டம் ஏறிவிடும். ஒவ்வொரு அடியும் முந்தையதை விட உயர்ந்து கீச்சிடும். ஆஸ்திரேலியாவின் ராபின் விட்டில் போன்றவர்கள் பெட்டியைப் பிரித்து மின்சுற்றை ஆராய்ந்த பிறகுதான் இதெல்லாம் வெளியே தெளிவாகத் தெரிந்தது. 1990களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் ப்ரோபெல்லர்ஹெட் நிறுவனம் ‘ரீபர்த்’ என்ற மென்பொருளில் இரண்டு 303களைக் கணினித் திரைக்குள் கொண்டுவந்தது. 2019இல் பெஹ்ரிங்கர் மின்சுற்றையே நகலெடுத்து டி.டி.-3 என்று விற்றது. நடுவில் ரோலண்ட் நிறுவனமும் தன் சொந்தத் தோல்வியைத் தானே பலமுறை காப்பியடித்து விற்றுவிட்டது.

எதிரொலியில் ஒளிந்தது

சில ஒலிகளில் சூட்சுமம் சிந்தசைசருக்குள்ளேயே இருப்பதில்லை. டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ 1977இல் வந்தது. ஜெர்மனியின் மியூனிக்கில், அரபெல்லா கட்டடத்தின் நிலவறையில் இருந்த மியூசிக்லாண்ட் ஒலிக்கூடத்தில் ஜார்ஜோ மொரோடரும் பீட் பெலோட்டும் உருவாக்கிய பாட்டு. ஒவ்வொரு காலகட்டத்தின் இசைக்கும் ஒரு பாட்டு என்ற திட்டத்தில் அமைந்த தொகுப்பில், எதிர்காலத்துக்காகச் செய்தது இது. கருவி, இசையமைப்பாளர் எபர்ஹார்ட் ஷோனரின் அலமாரி அளவு மூக் மாடுலர். அதை இயக்கியவர் ராபி வெடல். அந்த மூக், பாட்டு முடியும் வரைகூடச் சுருதியில் நிற்காது. கொஞ்சம் பதிவார்கள், நிறுத்துவார்கள், சுருதி சேர்ப்பார்கள், மறுபடி தொடர்வார்கள். ஹை-ஹாட், ஸ்னேர் ஒலிகளைக்கூட அதன் வெற்றிரைச்சலை வடிகட்டித்தான் செய்தார்கள். அடித்தளமாக விழும் பெரிய டிரம்மின் அடி மட்டும் அதிலிருந்து திருப்தியாக வரவில்லை. கீத் ஃபோர்சி என்ற மனிதர் உட்கார்ந்து காலால் மிதித்தார்.

அந்தப் பாட்டின் ஓயாத பேஸைக் கேட்டு, பதினாறில் ஒன்றாகச் சுரங்களை நெருக்கமாக அடுக்கிப் பார்ப்பவர்களுக்கு அந்தத் துடிப்பு வராது. வாசித்தது அதில் பாதிதான். இடது காதில் சுரம். அதன் எதிரொலி ஒரு பதினாறில் ஒன்று தள்ளி வலது காதில். நிமிடத்துக்கு 128 அடி என்ற நடன வேகத்தில் அந்த இடைவெளி சுமார் 117 மில்லிநொடி. அசலும் எதிரொலியும் மாறி மாறி விழுவதால் ஒரே கோடு இரட்டை வேகத்தில் ஓடுவது போலத் தோன்றுகிறது. ஹெட்போனில் ஒரு காதை மூடிக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதற்கு அலைவடிவத்தை எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்தாலும் பயனில்லை.

2000களில் இதன் இன்னொரு வடிவம் வந்தது. பென்னி பெனாசியின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’, எரிக் ப்ரிட்ஸின் ‘கால் ஆன் மீ’ ஆகியவற்றில் சிந்தசைசர் மூச்சு வாங்குவது போலக் கேட்கும். ஒவ்வொரு முறை டிரம் அடி விழும்போதும் கம்ப்ரசர் மற்ற ஒலியை அமுக்கிவிட்டு, அடி ஓய்ந்ததும் விடுகிறது. அந்த டோனை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டால் சப்பென்றிருக்கும். டிரம்மோடு சேர்த்துவைத்தால்தான் உயிர் வரும். இதில் காப்பியடிக்க வேண்டியது உறவை.

ஆகவே தேர்ந்தவர்கள் குமிழைத் தொடுவதற்கு முன் வேறு சில வேலைகள் செய்கிறார்கள். பாட்டில் மற்ற கருவிகள் விலகி நிற்கும் இரண்டு நொடியை வெட்டியெடுத்து லூப்பில் ஓடவிடுகிறார்கள். இடது, வலது இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிட்டு, மிஞ்சுவதைக் கேட்கிறார்கள். எதிரொலியும் கோரஸும் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். அலைமாலையைத் திரையில் பார்த்து, ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டும் இருந்தால் சதுர அலை, எல்லாம் இருந்தால் ரம்ப அலை என்று குறிக்கிறார்கள். பிறகு ஃபில்டர், அதன் பிறகு என்வலப், அதாவது ஒலி எவ்வளவு சுருக்காக எழுந்து எப்படி அடங்குகிறது என்பது. புதிதாக வருகிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தில்தான் அவசரப்படுகிறார்கள். ஒலியின் நிறத்தைத் துல்லியமாகப் பிடித்துவிட்டு, அது அடங்கும் நேரத்தில் 50 மில்லிநொடி கோட்டைவிட்டால் போதும், வேறு பாட்டாகிவிடும்.

டோன் வாங்கினால் போதும்

எல்லாவற்றுக்கும் இவ்வளவு பாடு இல்லை. ராபின் எஸ். பாடிய ‘ஷோ மீ லவ்’ பாட்டை ஸ்வீடனின் ஸ்டோன்பிரிட்ஜ் மறுகலவை செய்தார். அதில் வரும் அந்த மொறுமொறு ஆர்கன், 1988இல் வந்த கோர்க் எம்-1 கீபோர்டின் ‘ஆர்கன் 2’ என்ற தயார் டோன். அவர் கண்டுபிடித்தார், அமுக்கினார், அவ்வளவே. 4 மெகாபைட் நினைவகத்துக்குள் உலகத்தின் எல்லா வாத்தியங்களையும் திணித்த கருவி அது. அதில் எதுவும் அசல் வாத்தியம் போல இல்லை. ஆனால் ஹவுஸ் இசைக்கு அந்த ஆர்கனும் பியானோவும்தான் இன்று அசல். இப்போது எம்-1 மென்பொருளாகவே கிடைக்கிறது. உண்மையான ஹேமண்ட் ஆர்கன் வைத்திருப்பவர் ‘ஷோ மீ லவ்’ வாசிக்க முயன்றால் பாவம்.

ரோலண்ட் ஆல்ஃபா ஜூனோவில் ‘வாட் தி’ என்று ஒரு டோன் இருந்தது. பெயரிலேயே விளையாட்டு. எரிக் பெர்சிங் உருவாக்கியது. 1991இல் ஜோயி பெல்ட்ராம் கூட்டாகச் செய்த ‘மென்டாஸ்ம்’ பாட்டில் அது ராட்சசத் தூசி உறிஞ்சி போல ஊளையிட்டது. தூசி உறிஞ்சி பிராண்டான ‘ஹூவர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. துடிப்பகலம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு விசேஷ ரம்ப அலை, கீழே ஒரு துணை ஆசிலேட்டர், மேலே கோரஸ், சுரம் தாவும்போது சறுக்கல். சாதாரண ரம்ப அலையை வைத்து இதைச் செய்ய முயல்பவர்கள் பாதி வரை வந்துவிடுவார்கள், அதற்கு மேல் நகரமாட்டார்கள்.

காதால் பிடிக்கவே முடியாத ஒரு வகையும் உண்டு: எஃப்.எம். 1967இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்து, யமஹா உரிமம் பெற்று, 1983இல் டி.எக்ஸ்.-7 ஆக வந்தது. இதில் ஒரு அலை இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டுகிறது. அமைப்பில் ஓர் எண்ணை ஒன்று கூட்டினால் கண்ணாடி மணி தகர டப்பாவாகிவிடும். எங்கே தவறினோம் என்று காது சொல்லாது. ஆறு ஆபரேட்டர்கள் (அலை உருவாக்கிகள்), 32 இணைப்பு முறைகள். அதைச் சொந்தமாக நிரல்படுத்தத் துணிந்தவர்கள் குறைவு. எல்லோரும் தயார் டோன்களையே வாசித்தார்கள். 1987இல் வந்த அதன் தம்பி டி.எக்ஸ்.-81இசட் கருவியின் ‘லேட்லி பேஸ்’ 90களின் நடனப் பாட்டுகளில் திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான். டி.எக்ஸ்.-7 ஒலியைத் திரும்பச் செய்ய ஒரே வழி, பழைய டோன் கோப்புகளைத் தேடி எடுத்து, ‘டெக்ஸ்ட்’ போன்ற டி.எக்ஸ்.-7 மென்பொருளில் ஏற்றுவது. அதற்குக் காது வேண்டாம், பொறுமை போதும்.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவரின் பதிவிலிருந்து அரை நொடியை வெட்டி எடுத்து ஒட்டினால்கூட அனுமதி தேவைப்படலாம். அதே ஒலியை நீங்களே ஆரம்பத்திலிருந்து உருவாக்கினால் கதை வேறு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, ஒலிப்பதிவின் உரிமை அதைப் போலச் செய்த தனிப் பதிவைத் தடுக்காது என்கிறது, அச்சு அசலாக ஒலித்தாலும். மெட்டைத் தொட்டால் அது தனி வழக்கு. புகழ்பெற்ற பாட்டுகளின் டோன்களைத் திரும்பச் செய்து மூட்டை மூட்டையாக விற்கும் சந்தை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. வாங்கிப் போடுவதில் தப்பில்லை. ஆனால் அப்படிப் போடுபவருக்குப் பாட்டின் சுருதி மாறினால் எதைத் திருத்துவது என்று தெரியாது.

இப்போது அந்தக் காதையும் கணினியே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறது. 2023இல் ஸ்வீடனின் சோனிக் சார்ஜ் நிறுவனம் வெளியிட்ட ‘சின்பிளாண்ட் 2’ மென்பொருளில் ஒரு ஒலித் துணுக்கைப் போட்டால், அதை ஒத்த டோனைத் தானே தேடி வளர்த்துக் கொடுக்கும், குமிழ்களோடு. டிரம், மணி, ஒற்றைச் சுரம் இவற்றில் அசத்துகிறது. ஆனால் அது தருவது ஒரு சுரத்துக்கான டோன். டோனா சம்மர் பாட்டின் எதிரொலியோ, ஆக்சன்ட்டுக்கு மேல் ஆக்சன்ட்டாக 303 சேர்த்துவைக்கும் கோபமோ ஒரு சுரத்துக்குள் இல்லை.

முயன்று பார்க்க நினைப்பவர்கள் 303இலிருந்தே தொடங்கலாம். ‘வைட்டல்’, ‘சர்ஜ் எக்ஸ்.டி.’ இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு ரம்ப அலை. ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள். 24 டெசிபல் ஃபில்டர், ரெசனன்ஸ் முக்கால் அளவுக்கு, என்வலப் 200 மில்லிநொடியில் அடங்கட்டும், வழுக்கல் 60 மில்லிநொடி. 16 கட்டங்களில் நான்கைந்து சுரங்களைத் தூவி, மூன்றில் மட்டும் ஸ்லைடு, இரண்டில் ஆக்சன்ட். ஃபில்டரை மெதுவாகத் திறந்து மூடுங்கள். டிஸ்டார்ஷனைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டுவிட்டால் ஸ்லைடு எங்கே தப்பியது என்று கேட்காது.